வீடு விற்க ஒரு நல்ல மாதம்

சென்னையில் வீடு விற்க உகந்த மாதம் எது? ஆடித் தள்ளுபடியில் புடவைக்கு முண்டியடிக்கும் குடும்பம், அதே ஆடியில் வீட்டைத் தள்ளுபடிக்குத் தந்தாலும் "ஆவணி பிறக்கட்டும் சார்" என்று நழுவிவிடும். மார்கழியில் விலை கேட்பதோடு சரி. ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரிப் பக்கம் வருபவர் பூஜையறையைப் பார்க்கமாட்டார். 2015 வெள்ளம் சுவரில் எதுவரை ஏறியது என்று தேடுவார். சித்திரையில் வந்தால் நேராகக் குழாயைத்தான் திறப்பார். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவராயிற்றே!

மிஞ்சுவது தை. முகூர்த்த நாளுக்குப் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் தரும். கூடுதல் விலை தர ஆள் பிடித்துத் தராது. ஊரே அப்போதுதான் விற்கும். புரோக்கருக்கு மட்டும் பன்னிரண்டும் நல்ல மாதம். இரண்டு பக்கமும் கமிஷன் உண்டே.