முகமூடிக்குள் ஒரு சாட்சி

கேள்வி: போலீஸ்காரர்களும் வக்கீல்களும் பெயரை மறைத்துக்கொண்டு தங்கள் துறையைப் பற்றி எழுதுவது கோழைத்தனம் இல்லையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லவே இல்லை. பெயர் தெரிந்தால் வாயை அடைத்துவிடுவார்களே! இங்கிலாந்தில் லங்காஷயர் போலீஸ் துப்பறிவாளர் ரிச்சர்ட் ஹார்ட்டன், ‘நைட்ஜாக்’ என்ற புனைபெயரில் வலைப்பதிவு எழுதினார். கைதாகும் அப்பாவிகளுக்கு அவர் சொன்ன புத்திமதி: வக்கீல் இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். விசாரிக்கிறவரே இப்படிச் சொன்னால், அதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? 2009-இல் அரசியல் எழுத்துக்கான ஆர்வெல் பரிசு வாங்கினார். சில வாரங்களிலேயே ‘தி டைம்ஸ்’ பத்திரிகை அவர் பெயரைப் போட்டு உடைத்தது. தடுக்கக் கோரி லண்டன் உயர் நீதிமன்றப் படியேறியும் பலனில்லை. எழுத்து நின்றது, துறையின் எச்சரிக்கை வந்தது. அந்தப் பத்திரிகையின் நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்திருந்தது 2012-இல்தான் அம்பலமானது. திருடனைப் பிடிக்கிறவர் வீட்டிலேயே கன்னம் வைத்திருக்கிறார்கள்! பத்திரிகை 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. போன எழுத்து வரவில்லை. எனக்கு அதில்தான் ஆத்திரம். அதே நாட்டில் ‘சீக்ரெட் பாரிஸ்டர்’ என்ற வழக்கறிஞர் பெயர் சொல்லாமலே 2018-இல் புத்தகம் போட்டு, குற்றவியல் நீதிமன்றங்களின் சீர்கேட்டைப் புட்டுப்புட்டு வைத்தார். வாங்கிப் படியுங்கள், ஆள் யாரென்று மட்டும் தோண்டாதீர்கள்.