கொடி சுற்றிய தம்பி, கால் வந்த தங்கச்சி

1969 டிசம்பர். பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை. அம்மாவுக்கு நோவு கண்டது ராத்திரி எட்டு மணிக்கு. தோட்டத்து லொறியைக் கேட்டு அப்பா ஓடினார். பாதையில் மண் சரிந்து கிடந்தது, லொறி வரவில்லை. அடுத்த லயத்து மருத்துவச்சிக் கிழவிதான் வந்தார். எட்டு வயதுப் பையனான என்னை இஸ்தோப்பில் உட்காரவைத்துச் சாக்கால் போர்த்திவிட்டார்கள்.

நடுச்சாமத்துக்கு மேல் தம்பி பிறந்தான். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. கிழவி அதைத் தளர்த்தி எடுத்து முதுகில் தட்டிய பிறகுதான் அழுதான். "கொடி சுத்திப் பொறந்திருக்கு, மாமனுக்கு ஆவாது" என்று அவர் சொன்னது கதவுக்கு வெளியே இருந்த எனக்கும் கேட்டது. அந்தப் பேச்சு அடங்குவதற்குள் "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று உள்ளே ஒரே சத்தம். இரட்டை என்று யாருக்கும் தெரியாது. தங்கச்சி காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரே வயிறு, ஒரே ராத்திரி. விடிவதற்குள் ஒருவன் ஆகாதவனாகவும் ஒருத்தி ராசிக்காரியாகவும் ஆகிவிட்டார்கள். ரத்தம் போய் அம்மா மயங்கிக் கிடந்ததைப் பற்றி லயத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. பேச்செல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான்.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. கால் முன்னே வந்து பிறந்த பிள்ளை இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுப் போகும். இரண்டுமே எங்கள் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து மூட்டையோடு கொண்டுவந்த நம்பிக்கைகள். முதலாவதற்குப் பரிகாரமும் உண்டு. மாமன் பிள்ளையை நேராகப் பார்க்கக்கூடாது. கும்பாவில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் முகத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்கவேண்டும். மாமா வந்து குனிந்து எண்ணெயில் பார்த்தார். விளக்கு வெளிச்சம் போதவில்லை. "தெரியுதா அண்ணே?" என்று அம்மா படுக்கையிலிருந்து கேட்டார். "தெரியுது, தெரியுது" என்றார் மாமா. உண்மையில் தெரிந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

மாமாவுக்கு ஸ்டோரில் ரோலர் வேலை. தம்பிக்கு ஐந்து மாதமானபோது அவருடைய இடது கையில் இரண்டு விரல்களை ரோலர் எடுத்துக்கொண்டது. ஸ்டோரைக் காக்கும் சாமியான ரோதைமுனிக்குப் படையல் குறைந்துபோனதுதான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கோடாங்கியை அழைத்தார்கள். அவர் உடுக்கடித்து, "வீட்டுக்குள்ளேயே இருக்கு, கழுத்துல மாலை போட்டு வந்தது" என்று குறி சொன்னார். ரோலரின் பழுதான அடைப்பையும் இரவு ஷிப்டையும் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா மட்டும் ஒரு தடவை சொன்னார். அதற்கு அத்தை, "ஒங்க புள்ளைக்காகப் பேசுறீங்க" என்றார். அத்துடன் இரண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றது. லயத்தில் நான்கு காம்பரா தள்ளித்தான் மாமா வீடு. தம்பி தவழ்ந்து அந்தப் பக்கம் போனால் அத்தை கதவைச் சாத்துவார். நடக்கப் பழகியபோது அவன் முதலில் கற்றுக்கொண்டது எந்த வாசல் வரை போகலாம் என்பதைத்தான்.

தங்கச்சியின் கதை நேரெதிர். அவள் கால் ஊன்றி நின்ற நாளிலிருந்து விடியற்காலையில் எங்கள் இஸ்தோப்பில் ஆட்கள் காத்திருந்தார்கள். இடுப்புப் பிடித்தவர் சாக்கில் குப்புறப் படுப்பார். தங்கச்சி வெறும் வயிற்றோடு வந்து இடது காலால் மூன்று தரம் அழுத்தவேண்டும். குளிரில் அவள் பாதம் சில்லென்றிருக்கும். படுத்திருப்பவர் "அம்மா தாயே" என்பார். பெரும்பாலும் கொழுந்து எடுக்கும் பெண்கள். நனைந்த கூடையை முதுகில் தொங்கவிட்டுச் செங்குத்து மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் படுத்திருக்கக் கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். அதிலேயே பாதி வலி போயிருக்கும் என்று இன்று எனக்குப் படுகிறது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைதான் பாடசாலைக்கு மணி அடித்த பிறகே போய்ச் சேர்ந்தாள்.

1974இல் தோட்டங்களில் பஞ்சம். மாவும் இல்லை, பாணும் இல்லை, மலையகத்தில் பட்டினியால் சனங்கள் செத்தார்கள். அந்த வருடம் தங்கச்சிக்குக் காணிக்கையாக வந்த பிடி அரிசியும் மரவள்ளிக் கிழங்கும்தான் எங்கள் அடுப்பை எரித்தன. ஆகாத பிள்ளையும் அதில்தான் சாப்பிட்டான். ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் கேட்டான்: "அண்ணே, நான் நெனச்சா மாமாவுக்கு நல்லதும் நடக்குமா, கெட்டது மட்டும்தானா?" அவனுக்கு வயது ஐந்து. நான் பதில் சொல்லாமல் கஞ்சியைக் குடித்தேன். அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

1976இல் மாமா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தின்படி அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பதுளை ஸ்டேஷனில் இருந்து புறப்படுகிற ரயிலுக்கு அப்போது ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறவேண்டும். மேடையெங்கும் மார்பிலடித்துக்கொண்டு அழுகை. ஆறு வருடம் பேசாமலிருந்த அம்மாவும் அத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாமா தங்கச்சியைக் கூப்பிட்டு, "ஒரு மிதி மிதிச்சிட்டுப் போ ஆத்தா" என்று மேடையிலேயே குனிந்து நின்றார். அவள் செருப்பில்லாத காலால் அவர் இடுப்பைத் தொட்டாள். தம்பி தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான். மாமா அவன் பக்கம் திரும்பவில்லை. கோச்சி போன பிறகு தம்பி சொன்னான், "நான்தான் அனுப்பிட்டேன்." ஒப்பந்தம் போட்டது இரண்டு அரசாங்கங்கள் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

வயதுக்கு வந்ததும் தங்கச்சியின் கால்ராசி முடிந்தது. அவள் மிதிப்பது கூடாது என்று சொன்னவர்கள், அதற்கு முந்தின வாரம் வரை இஸ்தோப்பில் படுத்தவர்கள்தான். பிறகு அவளும் பேர் பதிந்து கொழுந்துக்குப் போனாள். முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தாள். இன்று இடுப்பு வலிக்கு மாதம் ஒருமுறை பதுளையில் கிளினிக்குக்குப் போகிறாள்.

பிறந்த விதத்தை வைத்துப் பிள்ளையை எடைபோடுவது எங்கள் சனத்துக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ஊவா எல்லையை ஒட்டிய உக்கல்கல்தொட்டையில் 1947இல் ஒரு சிங்களக் குடும்பத்தில் வலது மார்பும் கையும் சூம்பிய ஆண் குழந்தை பிறந்தது. பேச ஆரம்பித்ததும், போன பிறவியில் தான் மனைவியைக் கொன்றதால்தான் கை இப்படியானது என்று சொன்னதாம். அவன் தகப்பனின் தம்பி மனைவியைக் கொன்று 1928இல் தூக்கிலிடப்பட்டவர். அமெரிக்காவிலிருந்து இயன் ஸ்டீவன்சன் என்ற மனநல மருத்துவர் வந்து விசாரித்து, 1966இல் தம் மறுபிறவி ஆய்வு நூலில் அதைச் சேர்த்தார். மறுபிறவி உண்டா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. என் நினைப்பெல்லாம் அந்தப் பையன் வளர்ந்த வீட்டைப் பற்றித்தான். தம்பியின் கையை அண்ணன் பார்க்கும்போதெல்லாம், மகன் கையைத் தகப்பன் பார்க்கும்போதெல்லாம் அங்கே என்ன ஓடியிருக்கும்? பழைய ரோமிலும் கால் முன்னே வந்த பிள்ளைக்கு அக்ரிப்பா என்று பெயர் வைத்து, அதை அபசகுனம் என்றார்கள். எங்கள் லயத்தில் வரமாக இருந்தது அங்கே சாபம். பிள்ளை வந்த விதம் ஒன்றுதான்.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்தபிறகு ஒரு குடும்பநல மருத்துவிச்சி எனக்கு விளக்கினார். பிறக்கிற குழந்தைகளில் நான்கைந்தில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். அப்படியானால் ஒவ்வொரு லயத்திலும் எத்தனை மாமன்மார் சாகவேண்டும்? காலோ இடுப்போ முன்னே வருவது நூற்றுக்கு மூன்று நான்கு. இரட்டையில் இரண்டாவது பிள்ளைக்கு அது இன்னும் சகஜம். 1930களில் இந்த நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இப்போது 50க்கும் கீழே. 26 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்த பிறகு, கால் முன்னே இருக்கும் பிள்ளையை உலகமெங்கும் பெரும்பாலும் சத்திரசிகிச்சை செய்துதான் எடுக்கிறார்கள். கால்ராசிப் பிள்ளைகள் தோட்டங்களில் இல்லாமல் போனது அப்படித்தான். வரம் என்று நாங்கள் கொண்டாடியது அம்மா செத்துப் பிழைத்த ஒரு ராத்திரியை.

மாமா நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் தேயிலையிலேயே வேலை செய்து 79 வயதுவரை இருந்தார். 1984இல் கப்பல் நின்ற பிறகு அவர் இந்தப் பக்கம் வரவேயில்லை. இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. தம்பி அதை வாங்கி வயதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

2023இல் தம்பியின் மகளுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. ஸ்கேனிலேயே கொடி சுற்றியிருப்பது தெரிந்தது. தாதி அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சம்பந்தியம்மாள் பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலும் கிண்ணமும் எடுத்தார். குழந்தையின் தாய்மாமன், அதாவது தம்பியின் மகன், கட்டாரில். வீடியோ கோலில் வந்தான். கிண்ணத்தை முதலில் ஃபோனுக்குக் காட்டவேண்டும் என்று ஒரு வாக்குவாதம். மருமகன் ஒன்று சொல்ல, அவன் தாய் அழ, பெற்றவள் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா, நான் என்ன செய்யணும்?" என்று மகன் கேட்டான். ஐம்பத்து மூன்று வயதுத் தம்பி ஃபோனை வாங்கினான். கை நடுங்கியது. குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து, "நேராப் பாருப்பா. நல்லாப் பாரு" என்றான்.

உங்கள் வீட்டில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை இருந்தால், இந்த விடுமுறைக்கே அதை மாமன் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நான்கு நாள் அங்கே தங்கி, மாமன் தட்டிலேயே சாப்பிட்டு வரட்டும்.