ஐந்தாம் இடத்துப் பூஜ்ஜியம்: ஒரு பாட ஆராய்ச்சி

வங்கிக் கிளைக் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. மொத்தமே பதினோரு எழுத்து கொண்ட சிற்றிலக்கியம். முதல் நான்கு எழுத்து வங்கியைச் சொல்லும். கடைசி ஆறு கிளையைச் சொல்லும். நடுவே, ஐந்தாம் இடத்தில், ஒரு பூஜ்ஜியம். கன்னியாகுமரிக் கிளையானாலும் காஷ்மீர்க் கிளையானாலும், எந்த வங்கியானாலும், அங்கே இருப்பது அதே பூஜ்ஜியம்தான். உரைகாரர்கள் முன்னதையும் பின்னதையும் விளக்கிவிட்டு, இதை ‘வெளிப்படை’ என்று தாண்டிப் போயினர். அக்குறை தீர்க்க எழுந்ததே இக்கட்டுரை.

முதலில் பாடபேதம். கிடைக்கும் சுவடிகள் பலவகை: மை பரவிய பாஸ்புக் முத்திரை, வாட்ஸப்பில் வந்த மங்கலான செக் படம், கல்யாண மண்டபக் கணக்குப்பிள்ளை கிறுக்கிக் கொடுத்த துண்டுச்சீட்டு. எதிலும் அது பூஜ்ஜியமா, ஆங்கில ‘ஓ’வா என்று தெளிவதில்லை. ‘ஓ’ என்று பாடம் கொண்டோர் பணம் அனுப்பப் போனால் ‘தவறான குறியீடு’ என்கிறது திரை. உடனே கணக்கு எண்ணைச் சந்தேகிக்கிறார்கள், அடுத்து சர்வரை, கடைசியில் பணம் வாங்க வேண்டியவரையே. ‘ஓ’வை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. ஸ்டேட் பாங்கின் எஸ்.பி.ஐ.என். குறியீட்டில் பூஜ்ஜியத்துக்குப் பின் எண்களாக வருவதால் ஊகித்தாவது பிழைக்கலாம். பாங்க் ஆஃப் பரோடாவிலோ கிளைக் குறியீட்டிலும் எழுத்துகளே மண்டிக் கிடக்கும். அந்தக் கூட்டத்தில் பூஜ்ஜியம் ‘ஓ’வாகவே தெரியும். ஆகவே அவ்வங்கி, ‘ஐந்தாவது எழுத்து பூஜ்ஜியம்’ என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் அச்சிடுகிறது. நூலாசிரியரே உரையும் எழுதித் தந்த அரிய நிகழ்ச்சி இது.

இனி, பொருள். இலக்கணக் கட்சியார் இதை அசைநிலை என்பர்: பொருள் தராது, இடத்தை நிரப்பும், நீக்கினால் யாப்புக் கெடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு வேறு: அது ‘எதிர்காலப் பயன்பாட்டுக்காக’ ஒதுக்கிய இடம். அதாவது, டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடித்த சீட்டு. பணம் அனுப்பும் முறைகளில் 2004இல் ஆர்.டி.ஜி.எஸ். வந்தது, 2005இல் நெஃப்ட் வந்தது, 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் இரவு பகலாக ஓடுகிறது. துண்டுக்காரரைத்தான் இன்னும் காணோம்.

ஒப்பியல் நோக்கில், செக்கின் அடியில் காந்த மையில் ஓடும் எம்.ஐ.சி.ஆர். எண்ணைப் பார்க்கலாம். ஒன்பது இலக்கம். முதல் மூன்று ஊர். பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோவைக்கு 641. அடுத்த மூன்று வங்கி. ஸ்டேட் பாங்குக்கு 002. கடைசி மூன்று கிளை. ஒன்பது பேரில் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. என்ன பயன்? நெஃப்ட் அனுப்புகிறவர் அவர்களில் ஒருவரையும் விசாரிப்பதில்லை. சும்மா இருப்பவரைத்தான் ஒவ்வொரு தடவையும் தேடித் தேடித் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது.

வரலாற்றுச் சான்றுகளும் பூஜ்ஜியத்தின் பக்கமே நிற்கின்றன. 2020 ஏப்ரலில் அலகாபாத் பாங்க் இந்தியன் பாங்கோடு இணைந்தது, ஏ.எல்.எல்.ஏ. என்ற நான்கெழுத்து மறைந்தது. அதே ஆண்டு நவம்பரில், கரூரில் 1926இல் பிறந்த லக்ஷ்மி விலாஸ் பாங்க் டி.பி.எஸ். வங்கிக்குள் கரைந்தது, எல்.ஏ.வி.பி.யும் போயிற்று. வாடிக்கையாளர்கள் புதுக் குறியீடு வாங்க வரிசையில் நின்றார்கள். புதுக் குறியீட்டிலும் ஐந்தாம் இடத்தில் அதே பூஜ்ஜியம். வங்கி இணைப்பில் இடமாற்றம்கூட வராத ஒரே ஊழியர் என்று இதைச் சொல்வது மிகையாகாது.

ரிசர்வ் வங்கி சொன்ன அந்த எதிர்காலம் எப்போதுதான் வரும்? கிளைக்கென்று ஆறு இடம் இருக்கிறது. வெறும் எண்களை இட்டாலே ஒரு வங்கிக்குப் பத்து லட்சம் குறியீடுகள் தேறும். ஸ்டேட் பாங்குக்கே ஏறத்தாழ இருபத்து மூவாயிரம் கிளைகள்தான். எண்ணோடு ஆங்கில எழுத்தையும் கலந்தால் 217 கோடியைத் தாண்டும். கைக்குழந்தை உட்பட நாட்டில் ஆளுக்கொரு கிளை திறந்தாலும் குறியீடு மிஞ்சும். கேஷியருக்குத்தான் ஆள் கிடைக்காது.