குண்டு விழுந்த ஊரில் ஒரு மிட்ஃபீல்டர்

கடலூரில் முதன்முதலாகப் பந்தைத் தூக்கி அடித்தவன் ஒரு இங்கிலீஷ்காரன். வருஷம் 1690, செப்டம்பர் மாதம். பந்து இரும்புப் பந்து. காலால் உதைக்க முடியாது என்பதால் பீரங்கியில் போட்டு அடித்தான். கோல் போஸ்ட் நடவில்லை. எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும் கோல்.

செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமுக்கு அப்போது கடும் பணமுடை. ஔரங்கசீப்பின் படை கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டை விலைக்கு வந்தது. மதராஸ் கவர்னர் எலிஹு யேல் வாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறதே, நம் ஊர்ப் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைப்போமே, அந்த யேல்தான். கோட்டையை மட்டும் வாங்கியிருந்தால் பரவாயில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். இன்றைக்கு அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூட நாலு எல்லைக்கல்லையும் தொட்டுப் பார்த்து, வில்லங்கச் சான்று வாங்கி, மாமனாரை ஒருமுறை அழைத்துவந்து காட்டிவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார். ஒரு ராஜாங்கம் 'குண்டு விழுகிற இடம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

யேல் விவரமானவர். மதராஸில் இருந்ததிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார், கூடவே கைதேர்ந்த ஆளையும். அந்த ஆள் மருந்தைக் கிட்டித்து, முனையை உயர்த்தி, நாலு திசையிலும் அடித்தான். குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்குப் போயிற்று. அவற்றுக்கு இன்றும் குண்டு கிராமங்கள் என்றுதான் பெயர். குண்டு உப்பலவாடி இருக்கிறது, குண்டு சாலை இருக்கிறது. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர், "அப்போ ஒல்லி உப்பலவாடி எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சம்பந்தத்தையே கெடுத்துக்கொண்டார்.

கால்பந்துக்காரர்கள் இந்த ஆட்டத்தை 'லாங் பால்' என்பார்கள். பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூரமாக அடிப்பது, பிறகு மொத்தப் படையும் அதன் பின்னால் ஓடுவது. இங்கிலாந்து கால்பந்து அணிகள் வெகுகாலம் இதைத்தான் தத்துவமாக வைத்திருந்தன. எங்கே பழகினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கப்புறம் நடந்த நூறு வருஷக் கதையில் கடலூருக்குக் கிடைத்த வேஷம் மிட்ஃபீல்டு. மேலே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன், அதற்கும் மேலே மதராஸில் இங்கிலீஷ்காரன், இவர்கள் இருவர் சண்டைக்கு நடுவே கிடந்து மிதிபட்டது எங்கள் ஊர். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸையே பிடித்துவிட, அங்கே குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் உள்ளூர் ஆள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு தப்பி, தேவனாம்பட்டினம் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சம்பளப் பேச்சுவார்த்தை ஏதும் இல்லாமல் நடந்த டிரான்ஸ்ஃபர் அது. பிற்பாடு அதே கோட்டைக்கு கவர்னராகவும் வந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். 1760-இல் ஊர் திரும்ப இங்கிலீஷ்காரன் காலுக்கு வந்தது. 1782-இல் மறுபடி பிரெஞ்சுக்காரன் காலுக்குப் போனது.

உச்சகட்டம் 1783. ஜூன் மாத வெயிலில், கடலூர் வெயிலில், கம்பளிச் சட்டை போட்ட இரண்டு வெள்ளைக்காரப் படைகள் ஊருக்கு வெளியே முட்டி மோதின. 13-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். கடலில் தனியாக ஒரு சண்டை. மாதக் கடைசியில் கப்பலில் ஒரு சேதி வந்து சேர்ந்தது: ஐரோப்பாவில் ஜனவரி 20-ஆம் தேதியே சமாதானம் ஆகிவிட்டதாம். ரெஃப்ரி விசில் ஊதி ஐந்து மாதம் ஆகியிருக்கிறது, இங்கே ஒருவர் காதிலும் விழவில்லை. ஊதியவர் வெர்சாயில் இருந்தார், ஆடியவர்கள் கடலூரில். இஞ்சுரி டைம் என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

இனி சிதம்பரம். கடலூரிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேர பஸ். இடது கால் ஆட்டக்காரர் ஒருவர் அங்கே பல நூற்றாண்டுகளாக ஒரே நிலையில் நிற்கிறார். தூக்கிய கால் இன்னும் இறங்கவில்லை. தீட்சிதர்கள் கோபிக்கக் கூடாது, பக்தியோடுதான் சொல்கிறேன்.

தில்லைக்கு முதலில் சொந்தக்காரி காளி. சிவன் வந்தார். யார் இந்த ஊருக்கு என்று தகராறு. ஆட்டத்திலே பார்த்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. காளி ஓர் அடவு போட்டால் சிவன் அதையே போடுவார், சிவன் போட்டால் காளியும் போடுவாள். ஸ்கோர் சமம். கூடுதல் நேரத்தில் சிவன் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கினார். காளியால் முடியாமல் இல்லை. பெண்ணாகப்பட்டவள் சபையில் காலைத் தூக்குவதா என்று தயங்கினாள். தயங்கியது தோல்வியாகக் கணக்கிடப்பட்டது. சிவப்பு அட்டை காட்டி ஊர் எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். தில்லைக் காளி கோயில் இன்றைக்கும் ஊருக்கு வடக்கே எல்லையில்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஆட்ட விதியில் அப்படி ஒரு பிரிவு எங்கே இருந்தது என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

இதே தீர்ப்பை இங்கிலாந்து கால்பந்து சங்கம் 1921 டிசம்பரில் ஒருமுறை வழங்கியது. முதல் உலகப்போர் சமயத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலை வேலைக்கு வந்த பெண்கள் பந்தாட ஆரம்பித்தார்கள். பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் ஆலைப் பெண்கள் அணி 1920-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ஆடியபோது 53,000 பேர் டிக்கெட் எடுத்து வந்தார்கள். சங்கத்துப் பெரியவர்களுக்குப் பொறுக்குமா? இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானம் போட்டு, தங்கள் மைதானங்களின் கதவைச் சாத்திவிட்டார்கள். திறக்க ஐம்பது வருஷம் பிடித்தது. சிதம்பர புராணத்தை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. பெண் காலைத் தூக்கினால் ஆண் சபைக்கு வருகிற கலக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வழக்குக்கு மேல்முறையீடு கடலூரில் தாக்கலாயிற்று.

2004 டிசம்பர் 26. சுனாமி தேவனாம்பட்டினத்தையும் அதை ஒட்டிய குப்பங்களையும் என்ன செய்தது என்பதை நான் இங்கே விளையாட்டாக எழுத முடியாது. கோட்டையை இடிக்க லாலிக்கு நாள்கணக்கில் ஆனது, கடலுக்குச் சில நிமிஷம் போதுமாக இருந்தது. பெற்றோரை இழந்து அரசு விடுதிகளுக்கு வந்த பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து, மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்தாடச் சொல்லிக்கொடுத்தார். இந்திரா காந்தி அகாடமி என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளுக்கு உதைப்பதற்கு ஏதாவது ஒன்று கொடுத்தாரே, அதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரிந்து யாரும் செய்யவில்லை. அந்தக் கூட்டமே பின்னாளில் இந்தியப் பெண்கள் லீக்கில் தனி அணியாக இறங்கி ஆடியது.

இதே கடலூரில் 1994-இல் பிறந்தவர் இந்துமதி கதிரேசன். மிட்ஃபீல்டர்.

மிட்ஃபீல்டர் என்றால் என்ன வேலை என்று கால்பந்து பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். கல்யாண வீட்டில் அடுப்பங்கரைக்கும் பந்திக்கும் நடுவே சாம்பார் வாளியோடு ஓடுகிறாரே ஒருவர், அவர்தான். எந்த இலையில் என்ன தீர்ந்தது என்பது அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். சமையல் பிரமாதம் என்றால் தவசிப்பிள்ளைக்குப் பேர், மொய் வந்தால் மாப்பிள்ளைக்கு. ஆல்பத்தைப் புரட்டினால் இவருடைய முழங்கை மட்டும் ஏதோ ஒரு படத்தில் ஓரமாகத் தெரியும். இவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் மட்டும் மொத்தக் கல்யாணமும் "சாம்பார் எங்கே?" என்று கத்தும்.

இங்கிலாந்தில் இந்த வேலைக்கு நல்ல கூலி. டெக்லன் ரைஸ் என்ற மிட்ஃபீல்டரை 2023-இல் ஆர்சனல் அணி 10.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ரைஸ் என்றால் அரிசிதான். அந்த விலைக்குக் காட்டுமன்னார்கோயில் வட்டத்து நெல்லை ஒரு மூட்டை விடாமல் கொள்முதல் செய்திருக்கலாம் என்பது எங்கள் பக்கத்து விவசாயியின் கணக்கு.

இந்துமதிக்கு வாய்த்தது தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை. பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது. எதிரி வருகிற வழியை முன்கூட்டியே ஊகித்து மறிப்பது, கையில் சிக்கியதை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஓடிக்கொண்டே இருப்பது, நன்றி எதிர்பார்க்காமல் இருப்பது. இரண்டு வேலைக்கும் ஒரே விண்ணப்பம் போதும்.

2018 பிப்ரவரியில், கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்றார்கள். மணிப்பூர் என்றால் அந்தக் கோப்பையை வீட்டுப் பாத்திரம்போலப் புழங்கிக்கொண்டிருந்த மாநிலம். தமிழ்நாடு கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை. பெண்கள் கால்பந்து அணி ஒன்று கோப்பை வெல்கிற 'பிகில்' படம் வந்தது 2019 தீபாவளிக்கு. அதாவது, நாம் தியேட்டரில் விசில் அடித்து, பேப்பர் கிழித்துப் போட்டுக் கொண்டாடிய விஷயம் ஒன்றரை வருஷம் முன்பே நிஜத்தில் நடந்து முடிந்திருந்தது. அன்றைக்கு விசில் அடித்தவர் ரெஃப்ரி மட்டும்.

2019 இந்துமதிக்கு ஏறுமுகம். மார்ச்சில் நேபாளத்து விராட்நகரில் தெற்காசியக் கோப்பை. அரையிறுதியில் இந்தியா வங்கதேசத்தை 4-0 என்று அடித்ததில் இரண்டு கோல் இந்துமதியுடையது. சாம்பார் வாளிக்காரர் திடீரென்று மணவறையில் ஏறித் தாலியையும் எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. இறுதி ஆட்டத்தில் நேபாளத்தைத் தோற்கடித்துக் கோப்பை வந்தது. மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது, அதிலும் இவர் இருந்தார்.

அடுத்த வருஷம் கொரோனா. நாடே வீட்டுக்குள் உட்கார்ந்து டல்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தபோது, இந்திய அணியின் மிட்ஃபீல்டர் காக்கிச் சட்டையில் சென்னை அண்ணா நகர் தெருக்களில் ரோந்து வந்துகொண்டிருந்தார். "சும்மா பால் வாங்க வந்தேன் மேடம்" என்று ஸ்கூட்டரை வளைத்து ஓட்டப் பார்த்த அண்ணா நகர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், தாங்கள் ட்ரிபிள் செய்ய முயன்றது ஒரு சர்வதேச ஆட்டக்காரரை என்று.

2021 நவம்பரில் பிரேசிலின் மனௌஸ் நகரம், அமேசான் காட்டு நடுவே. இந்தியாவும் பிரேசிலும் மோதிய அன்றைய ஆட்டம் ஃபோர்மீகா என்ற பிரேசில் மிட்ஃபீல்டருக்குக் கடைசி சர்வதேச ஆட்டம். வயது 43. ஏழு உலகக்கோப்பை ஆடியவர். ஃபோர்மீகா என்றால் அவர்கள் பாஷையில் எறும்பு. மிட்ஃபீல்டருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டப்பெயரை எந்தத் தமிழ்ப் புலவரும் வைத்திருக்க முடியாது. இந்தியா 6-1 என்று தோற்றது. ஆனாலும் மனீஷா கல்யாண் ஒரு கோல் போட்டு, கொஞ்ச நேரம் ஸ்கோர் 1-1 என்று நின்றதே, அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டலாம்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. ஈரானோடு முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது ஆட்டத்துக்குள் அணியில் பாதிப் பேருக்குக் கொரோனா. களமிறக்கப் போதுமான ஆள் இல்லை. போட்டியை விட்டே இந்தியா வெளியேறவேண்டியதாயிற்று. 2020-இல் அண்ணா நகரில் லத்தியோடு விரட்டப்பட்ட கிருமி, முகவரி விசாரித்துக்கொண்டு நவி மும்பைக்கே வந்து பழி தீர்த்துக்கொண்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

2023 ஜூனில் அமிர்தசரஸில் தமிழ்நாடு மறுபடியும் தேசியக் கோப்பையை வென்றது. ஹரியாணாவை 2-1. பிரதீபா ஒன்று, இந்துமதி ஒன்று. அந்தப் பருவத்து ஆட்டங்களும் அடுத்த பருவத்தில் அவருடைய ஒடிசா எஃப்.சி. அணி லீக் பட்டம் வென்றதும் எல்லாம் சேர்ந்து, 2023-24-ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இந்துமதியை அறிவித்தது. ஸ்ட்ரைக்கர்களுக்கே மாலை விழுகிற நாட்டில், நடுவில் நின்று பந்து கொடுத்தவருக்கு விழுந்தது. காளியின் வழக்கில் இந்தத் தீர்ப்பைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிதம்பரத்து வக்கீல்கள்தான் சொல்லவேண்டும்.

கடலூர் இப்போது மாநகராட்சி. அவர்களிடம் ஒரு விண்ணப்பம். பீரங்கியால் ஒருமுறை அடித்துவிட்டுப் போனவனுக்குக் குண்டு சாலை என்று நீளமான ஒரு ரோடே கொடுத்து வைத்திருக்கிறோம். இந்துமதி பெயரில் ஒரு முட்டுச்சந்தாவது கொடுங்கள். மெயின் ரோடு வேண்டாம். வண்டி வராத சந்தாக இருந்தால் சாயங்காலம் பிள்ளைகள் பந்தாடவும் தோதாக இருக்கும்.