சுவருக்குள் கலை, வெளியே சத்தம்

சென்னையில் விக்டோரியா பொது மண்டபத்தைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். செலவு 32 கோடி ரூபாய்க்கு மேல். இனி அங்கே நாடகம் நடக்கும், கச்சேரி நடக்கும், சீசன் களைகட்டும். திண்டுக்கல் பக்கத்துக் கன்னிவாடிக்காரனுக்கும் சந்தோஷம்தான். இங்கே டீக்கடையில் பீடி பற்றவைப்பவன் தீப்பெட்டிக்குக் கட்டிய வரியும் அந்தச் செங்கல்லில் எங்கேயோ இருக்கிறதல்லவா!

பெரிய வரலாறு அந்தக் கட்டடத்துக்கு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாடப் பெயர் வைத்தார்கள். கட்டடக் கலைஞர் சிசம் வரைபடம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் கட்டினார். நகராட்சி 57 கிரவுண்டு நிலம் கொடுத்தது. கிரவுண்டுக்கு எட்டணா வாடகை, 99 வருஷக் குத்தகை. கனவான்களுக்கு நிலம் என்றைக்குமே சல்லிசு.

அடுத்த காம்பவுண்டில் ரிப்பன் மாளிகை. 1913 முதல் மாநகராட்சி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மண்டபம் தெரியும். அது பூட்டிக் கிடந்தது, ஒழுகியது, செடி முளைத்தது. மேயர்கள் வந்தார்கள், ஆணையர்கள் வந்தார்கள், ஜன்னலை மட்டும் யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது. அழுகும்போது ஆளில்லை. திறக்கும்போது மேடை கொள்ளவில்லை.

சரி, அந்த மேடையில் யார் ஆடினார்கள்? 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. பகலில் கோர்ட்டில் வாதாடியவர்கள் மாலையில் வேஷம் கட்டினார்கள். முதலியாரைக் குறை சொல்ல வாயில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகம் எழுதியவர், படித்தவன் மேடையேறினால் மானம் போய்விடாது என்று காட்டியவர். ஆனால் ஊர் போட்ட கணக்கைப் பாருங்கள். வக்கீல் வேஷம் கட்டினால் கலை. வயிற்றுக்காக வேஷம் கட்டினால் கூத்தாடி. கட்டடத்தைப் புதுப்பித்தவர்கள் இந்தக் கணக்கைத் தொடவே இல்லை. அது பழுதில்லாமல் அப்படியே இருக்கிறது.

அந்தக் கூத்தாடிகள் இன்னும் இருக்கிறார்கள். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் அவர்களுக்குச் சங்கம் உண்டு. அவர்களுக்கு நாடகம் எழுதித் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் கண்மூடினார். அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்றைக்கும் கோயில் கொடையில் விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. தனித்தனியாக பஸ் ஏறி வந்து, மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆர்மோனியக்காரர் சுதி கொடுத்தால் நாடகம் ஓடும். இந்த வித்தைக்கு வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். உள்ளூரில் வருவது ஏட்டு.

ஏனென்றால் நாடகம் தொடங்குவது இரவு பத்துக்கு. சட்டம் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்வதும் இரவு பத்துக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்: பத்து முதல் காலை ஆறு வரை கூடாது. திருவிழாவுக்கு மாநில அரசு மனம் வைத்தால் வருஷத்தில் பதினைந்து நாள், நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம். பன்னிரண்டுக்கு என்ன நடக்கும் தெரியுமா? பபூனும் டான்ஸும் இப்போதுதான் உள்ளே போயிருப்பார்கள். முருகனுக்கு இன்னும் மீசை வரைந்துகொண்டிருப்பார்கள்.

அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. மூடிய அரங்கத்துக்குள் என்றால் இந்தத் தடை இல்லை. புரிகிறதா? சுவர் இருந்தால் கலை, சுவர் இல்லாவிட்டால் மாசு. சென்னையில் 32 கோடிக்குச் சுவரைப் புதுப்பித்தார்கள். கன்னிவாடியில் நாலு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும். மைக் ஒயரைப் பிடுங்க ஒரு போலீஸ்காரர் போதும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், நோயாளி இருப்பார், நியாயம். அப்படியானால் அந்தச் சுவரை இங்கேயும் கட்டிக் கொடுங்கள் என்றால், கோப்பு தூங்கப் போய்விடுகிறது. அது பத்து மணி வரை காத்திருப்பதும் இல்லை.

சட்டத்துக்கும் நாடகத்துக்கும் பழைய பகை. நாடக நடிகர் எம்.ஆர். ராதாவின் வாய்க்குப் பயந்து 1954இல் ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாடகத்தை எழுதி முன்கூட்டியே அதிகாரியிடம் கொடு என்றது அது. பபூன் பேசப்போவதை யார் எழுதுவது? அவனுக்கே தெரியாது. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை வெட்டும்வரை ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு மேல் புத்தகத்தில் இருந்தது. விடுதலையைப் பாடி வந்தவர்கள் போட்ட சட்டம் என்பதை மறக்க வேண்டாம்.

கலைஞர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அரசாங்கத்துக்குக் கோபம் வரும். நலவாரியம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் இருக்கிறது, விண்ணப்பத்துக்கு இணைப்புகள் இருக்கின்றன. பொங்கலுக்குப் பொங்கல் சென்னைச் சங்கமம் என்று கிராமியக் கலைஞர்களை அழைத்துப்போய்ப் பூங்காவில் ஆடவிடுகிறார்கள். சென்னைக்காரர்கள் செல்போனில் பிடிக்கிறார்கள். முடிந்ததும் பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஊர் வந்து இறங்கினால் அதே தார்ப்பாய், அதே ஏட்டு.

பழைய மண்டபத்தை இடித்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காத்தது நல்லது. ஆனால் மேடையைக் காத்து, அதில் ஏறுகிறவனைத் தெருவில் விட்டால் மிஞ்சுவது வாடகைக்கு விடும் ஹால்.

கேட்பது இரண்டுதான். ஓர் இரவு, பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை, விக்டோரியா மண்டபத்தில் வள்ளி திருமணம் நடக்கட்டும். திண்டுக்கல் சங்கத்து ராஜபார்ட்டும் பபூனும் ஆடட்டும், முன்வரிசையில் அமைச்சர்களும் ஆணையர்களும் எழுந்துபோகாமல் உட்காரட்டும். இரண்டாவது, கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா வருகிற இந்தத் திண்டுக்கல் மாவட்டத்தில், நாடகக்காரர்களுக்கென்று கூரையும் சுவரும் உள்ள ஓர் அரங்கம். பளிங்கு வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் போதும். திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.