வரி கட்டாத கடைக்காரனின் வரிக்கணக்கு

அனுப்புநர்: சில்லறைக் கடைக்காரன், கண்டக்குழி, கற்பிட்டி
பெறுநர்: ஆணையாளர் நாயகம், உள்நாட்டு இறைவரித் திணைக்களம், கொழும்பு 02
காலம்: 2024 ஜூலை, சோளகக் காற்று

விடயம்: நான் கட்டாத வரியை எந்தக் கணக்கில் பதிவது என்பது பற்றி

பெருமதிப்புக்குரியீர்,

முதலில் பாராட்டு. எத்தனையோ திணைக்களங்களின் கை எட்டாத எங்கள் கரைக்கு உங்கள் கை எட்டியிருக்கிறது. அதுவும் ஓசைப்படாமல், ஒரு சவர்க்காரக் கட்டிக்குள் ஒளிந்து வந்து.

2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரி (வற்) சட்டப்படி நான் பதிவு பெற்றவன் அல்லன். இவ்வருடம் ஜனவரி முதல், காலாண்டுக்கு 15 மில்லியன் அல்லது வருடத்துக்கு 60 மில்லியன் ரூபாய்க்கு மேல் புரள்பவர்தான் பதிய வேண்டும். என் கடையில் அவ்வளவு புரள வேண்டுமானால் ஊரே மூன்று வேளையும் சவர்க்காரம் சாப்பிட வேண்டும். பதியாதவன் வற் என்று ஒரு சதம் அறவிட்டாலும் குற்றம். ஆகவே கேட்பதில்லை. பில்லில் அந்தப் பெயரையே எழுதுவதில்லை. உங்கள் ஏட்டில் நான் வரிக்கு வெளியே நிற்பவன்.

இனி என் ஏட்டுக்கு வாருங்கள். கம்பனி லொறி வந்து சவர்க்காரப் பெட்டிகளை இறக்குகிறது. பில்லில் பொருளின் பெறுமதி 10,000 ரூபாய், வற் 18 வீதம் 1,800, மொத்தம் 11,800. பதிவு பெற்ற பெரிய கடைக்காரர் இதை அழகாகப் பிரிப்பார்: கொள்வனவுக் கணக்கில் 10,000 வரவு, வற் கணக்கில் 1,800 வரவு, கம்பனியின் கணக்கில் 11,800 செலவு. 10 வீத இலாபம் வைத்து 11,000, அதன் மேல் வற் 1,980, ஆக 12,980க்கு விற்பார். வாங்கிய 1,980இல் கொடுத்த 1,800ஐக் கழித்து, மிச்சம் 180ஐ உங்களுக்கு அனுப்புவார். வரி வந்த வழியும் போன வழியும் அவருடைய ஏட்டில் பளிச்சென்று தெரியும்.

எனக்குக் கழிக்கும் உரிமை இல்லை. 11,800ஐயும் ‘கொள்வனவு’ என்று ஒரே வரியில் எழுதி முடிக்கிறேன். இது சோம்பல் அல்ல. திரும்பப் பெறமுடியாத வரி இருப்பின் கிரயத்தோடு சேரும் என்று எல்.கே.ஏ.எஸ். 2 கணக்கீட்டு நியமமே சொல்கிறது. உங்கள் 1,800 ரூபாய் என் ஏட்டுக்குள் நுழைந்ததும் சவர்க்காரமாகிவிடுகிறது. அதன் மேல் நானும் 10 வீதம் வைக்கிறேன். விலை அதே 12,980. இலாபம் மட்டும் 1,180. அரசாங்கத்தின் வரிக்கே இலாபம் வைத்து விற்கும் பாக்கியவான் நான். சில்லறைக் கடைகள் வரி வலையில் இருந்து நழுவுகின்றன என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்த நழுவல் இந்த 180 ரூபாய்தான். 1,800 லொறியோடு போய்விட்டது.

அந்த 180ஐ நான் அனுபவிக்கும் அழகையும் கேளுங்கள். சோளகம் எழும்பினால் வெளிநாட்டுக்காரர் அந்தக் காற்றிலே பட்டம் ஏற்றித் தண்ணீரில் சறுக்குவார்கள். எங்கள் வள்ளங்கள் கரையில் கிடக்கும். கடை ஓடுவது கடன் கொப்பியில். “வள்ளம் போனவுடன தாறன் தம்பி” என்று அக்கா ஒருவர் சவர்க்காரமும் பிஸ்கட்டும் கொண்டுபோவார். லொறிக்கு நான் கைக்காசு கொடுத்தாயிற்று, வரியும் சேர்த்துத்தான். அவருடைய வரியை அவருக்காக முன்கூட்டியே கட்டிவிட்டு, மீன் படும்வரை வட்டியில்லாமல் காத்திருப்பவன் நான். கடன்பட்டோர் பட்டியலில் அக்காவின் பெயரைத்தான் எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதத் துணிவு வரவில்லை.

வீதங்களின் ஓட்டமும் எங்கள் இறாக்கைக்குப் பிடிபடவில்லை. 2019 டிசம்பரில் 15 வீதம் 8 ஆனது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, இவ்வருடம் ஜனவரியில் 18. பதிவு எல்லையோ 2020இல் வருடத்துக்கு 300 மில்லியன், 2022 ஒக்டோபரில் 80, இப்போது 60. வீதம் ஏறிய அன்று இறாக்கையில் இருந்த பக்கற்றில் பழைய விலையே அச்சாகியிருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வைத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் தண்டம். பழைய விலைக்கு விற்ற காசோடு போய்ப் புது விலைச் சரக்கு எடுக்க வேண்டும். இருப்பு எண்ணும்போது ஒரே சவர்க்காரம் ஒரே தட்டில் இரண்டு கிரயத்தில் இருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

உங்கள் இரக்கத்தையும் மறைக்கக் கூடாது. அரிசிக்கு வற் இல்லை. எங்கள் மணலில் விளையும் பீற்றூட்டுக்கும் வெங்காயத்துக்கும் இல்லை. அவற்றை அவிக்கும் காஸுக்கு மட்டும் ஜனவரி முதல் வைத்திருக்கிறீர்கள். பச்சையாகச் சாப்பிடுவோருக்கு இது பெரிய சலுகை.

18 வயது நிரம்பிய எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்றும் வருடத் தொடக்கத்தில் அறிவித்தல் வந்தது. 18 வீதத்துக்கு 18 வயது, நல்ல பொருத்தம். ஆனால் பிஸ்கட் வாங்க வரும் பாலர் பாடசாலைப் பிள்ளை இலக்கம் இல்லாமலே வரி கட்டிவிட்டுப் போகிறது. அதை எந்தப் படிவத்தில் நிரப்ப?

ஆகையால் பணிவாக வேண்டுவது:

1. என் கொள்வனவு ஏட்டில் ‘கண்டக்குழியார் கட்டிய வரி’ என்று தனி நிரல் ஒன்று போட அனுமதி தர வேண்டும். நியமம் குறுக்கே நின்றால் பென்சிலால் எழுதுகிறேன்.

2. அந்த நிரலின் மொத்தத்துக்கு, வருடம் ஒருமுறை ஊரின் பெயரில் பற்றுச்சீட்டு ஒன்று தர வேண்டும்.

3. வீதியோ இறங்குதுறையோ மருந்தோ கேட்டுப் போகும்போது, “நீங்கள் என்ன வரி கட்டுகிற ஆட்களா?” என்று கேட்கும் கனவான்களுக்கு அந்தச் சீட்டின் பிரதியை நீங்களே அனுப்பிவைக்க வேண்டும். எங்கள் வாயால் சொன்னால் நம்புவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் சம்பளமில்லா அறவீட்டாளன்,
கண்டக்குழி

பி.கு.: இதை எழுதிய பேனா கடைச் சரக்கு. எடுப்பனவுக் கணக்கில் பதிந்துவிட்டேன், வற் உட்பட.