ஓஹோஸ் மலைக்குப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. லிப்டு நின்னுபோச்சுன்னு மூணு மாடி ஏறி வந்ததுக்கே இப்படி இரைக்குதே! நிதானமா மூச்சு வாங்கிட்டுப் பேசு. எனக்கென்ன அவசரம், உன் மலையும் எங்கயும் ஓடிப்போகாது.

நான் வத்திராயிருப்புல இருந்து இந்தப் புனே கேம்ப்புக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. தினம் ஒரு பார்சல் வருது. நேத்து வந்தது காலுக்கு மாட்டுற இரும்புப் பல்லு. அதை மாட்டிக்கிட்டு கூடத்துல நடந்து பாத்தியே, டைல்ஸ்ல விழுந்த கீறலைப் பாத்து உங்க ஆத்தா இன்னும் முணுமுணுத்துக்கிட்டு இருக்கா. பனியில நடக்கப் பழகுறானாம்னு நான்தான் சமாதானம் சொன்னேன். மே மாசத்துலயான்னு கேட்டா. எனக்குப் பதில் வரலை.

மலை பேரு என்ன சொன்ன? ஓஹோஸ் டெல் சலாடோ. ஓஹோன்னு தொடங்குற பேரு, உனக்குப் பிடிச்சுப்போனதுல ஆச்சரியமில்லை. சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவுல, 6893 மீட்டர், உலகத்துலயே உசந்த எரிமலை. அந்த ஊர்ப் பாஷையில ‘ஓஹோ’ன்னா கண்ணாம், ஊத்துக்கும் அதே வார்த்தையாம். நாமளும் ஊத்துக்கண்ணுன்னுதான சொல்றோம், மனுசன் எங்க போனாலும் தண்ணிக்கு ஒரே மாதிரிதான் ஏங்கியிருக்கான். ஆனா பேருலதான் ஊத்து. சுத்தி அட்டகாமா பாலைவனம், குடிக்கிற தண்ணியக்கூட கீழ ஊர்ல இருந்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போகணும். நீ இரும்புப் பல்லு வாங்கின காசுக்கு நாலு கேன் வாங்கியிருக்கலாம்.

எரிமலைக்கு அம்புட்டுத் தூரம் போவானேன்? நீ படுத்துத் தூங்குற கட்டிலுக்குக் கீழ இருக்கறதே எரிமலைதான். ஆறரைக் கோடி வருசத்துக்கு முன்னால பூமி வெடிச்சு, வெடிப்பு வெடிப்பா வழிஞ்ச குழம்பு ஆறிப்போயி உண்டானதுதான் இந்தத் தக்காணப் பீடபூமி. சிவாஜிநகர்ல பாதாளேஸ்வரர் கோயில் இருக்கே, அதைக் குடைஞ்சது அந்தக் குழம்புக் கல்லுலதான். சிங்ககட் கோட்டை நிக்கிறதும் அதே கல்லு மேலதான். அங்க ஏறினா உச்சியில பிட்லா பாக்ரியும் மண்குடுவைத் தயிரும் கிடைக்கும். உன் ஓஹோஸ் உச்சியில என்ன கிடைக்கும்? கந்தக வாடை.

சிரிக்காதடா. ஏறவே வேணாம்னு நான் சொல்லலை. இந்த ஊரு கிரிப்ரேமி மலையேற்றச் சங்கத்துக்காரக 2019-ல பத்துப் பேரு காஞ்சன்ஜங்கா உச்சியில நின்னாக. அதே வருசம் ஜனவரியில வங்காளத்துக்கார சத்யரூப் சித்தாந்தா, கண்டத்துக்கு ஒண்ணா உசந்த ஏழு எரிமலையையும் ஏறி முடிச்சாரு, கடைசியா அண்டார்டிகாவுல. அவுகளும் மனுசங்கதான். ஆனா அவுக பார்சல்ல தொடங்கலை.

ஓஹோஸ்ல ஒரு தந்திரம் இருக்கு, கேட்டுக்க. அது வண்டி போற மலை. 2007-ல ரெண்டு சிலிக்காரக ஒரு சுசுகியை 6688 மீட்டர் வரைக்கும் ஓட்டிட்டாக. 5200 மீட்டர்ல ஒரு கொட்டகை, 5800-ல இன்னொண்ணு. காசு குடுத்தா ஜீப்பு கொண்டுபோய் இறக்கிவிடும். உடம்பு மேல போயிரும், நுரையீரல் கீழயே நிக்கும். 5500 மீட்டர்லயே காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பாதிதான். தலை வெடிக்கும், சோறு இறங்காது, கள்ளு குடிக்காமலே தள்ளாடுவ. அப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இறங்கணும். மூவாயிரம் மீட்டர் தாண்டினா ராத்திரி படுக்கிற இடத்தை நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல உசத்தக் கூடாதுங்கிறது டாக்டர்மார் கணக்கு. நீ லீவு எத்தனை நாள் கேட்டிருக்க? பன்னெண்டு நாள், அதுல போக வர பிளேனு நாலு நாள். பேராண்டி, மீதி எட்டு நாள்ல நாலாவது நாள் நீ உச்சியில நிக்கிறதா எழுதி வச்சிருக்கியே, அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டு. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு துணிச்சலா தேதி குறிக்க மாட்டாக.

பக்கத்து மலைக்குப் போனவர் ஒருத்தர் கதை தெரியுமா? நெல்லூர்க்காரர், மல்லி மஸ்தான் பாபு. 2006-ல ஏழு கண்டத்து உச்சியையும் 172 நாள்ல தொட்டவர். ஐஐடியில படிச்சவர், ஐஐஎம்லயும் படிச்சவர், புத்திக்குக் குறைச்சலில்லை. 2015 மார்ச்சுல, உன் ஓஹோஸ் நிக்கிற அதே ஆண்டீஸ் மலைத்தொடர்ல, ட்ரெஸ் க்ரூசெஸ் மலையில தனியாப் போனார். ஏப்ரல்ல உடம்பைத்தான் கண்டெடுத்தாக. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் ஏறினதுல கால்வாசி ஏறாத நீ, துணைக்கு ஆள் எதுக்கு, ஜிபிஎஸ் இருக்குன்னு நேத்துச் சொன்ன பாரு, அதைத்தான் சொல்றேன்.

ஆடி அமாவாசைக்கு நம்ம ஊர்ப்பக்கத்துச் சதுரகிரி மலை ஏறுறப்ப எங்க அப்பாரு ஒண்ணுதான் பாப்பாரு. தாணிப்பாறையில தொடங்கி மகாலிங்கம் சன்னதி வரைக்கும் என்னைக் கதை சொல்லச் சொல்லுவாரு. கதை அறுந்தா, “வேகமாப் போறடா, உக்காரு”ம்பாரு. எண்பது வயசுக் கிழவி எங்களைத் தாண்டிப் போவா, போயிக்கிட்டே ஊர் வம்பும் பேசுவா.

இப்ப எழுந்திரு. கயானி பேக்கரியில வரிசையில நின்னு எனக்கு ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டு ஒரு பெட்டி வாங்கிட்டு வா. லிப்டு சரியாயிருந்தாலும் படியிலதான் ஏறணும். முதுகுல அந்தப் புதுப் பையை மாட்டிக்க, உள்ள என் அரிசி மூட்டையை வச்சுக்க. கதவுகிட்ட நின்னு, ‘ஓஹோஸ் டெல் சலாடோ’ன்னு ஒரே மூச்சுல சொல்லு. தடுக்காமச் சொல்லிட்டா உங்க ஆத்தாகிட்ட நானே பேசுறேன். தடுக்கிச்சுன்னா, பிஸ்கட்டை வச்சுட்டு மறுபடி கீழ இறங்கு. பால் வாங்க மறந்துட்டேன்.